போட்டது தெரியாத பவுடர்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கதை எழுத உட்காரவில்லை.

பத்திரிகை ஆசிரியர் கடிதம் போட்டிருந்தார். அழகுக் குறிப்பு எழுதுகிற அம்மாள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாராம். "தாங்கள் குடும்பக் காதல் கதைகள் எழுதுபவர், பெண்கள் மனம் தெரிந்தவர். தினமும் செய்துகொள்ளக்கூடிய, ஆனால் செய்துகொண்டதே தெரியாத ஒப்பனை பற்றி இரண்டு பக்கம் அனுப்பவும். பத்துக் குறிப்புகள் போதும்" என்று எழுதியிருந்தார்.

எனக்குத் தெரிந்த ஒப்பனை பயற்றமாவு தேய்த்து முகம் கழுவிக் குங்குமம் வைத்துக்கொள்வது. அதில் பத்துக் குறிப்பு எங்கிருந்து தேறும்? ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். ஆறு வருஷமாக, வருஷத்துக்கு ஒருநாள் தவிர, தினமும் ஒப்பனை செய்துகொள்கிறாள்; காரைக்காலில் ஒருவருக்கும் அது தெரியாது. அவளைக் கேட்டு எழுதத் தொடங்கினேன். முதல் குறிப்பு ஒழுங்காகத்தான் தொடங்கியது. அதன் பாதியிலேயே அவள் பெயர் நுழைந்துவிட்டது. நாலாவதை முடித்ததும் ஓர் ஆண் வந்து நின்றான். அதற்குப் பிறகு நான் எழுதுவது குறிப்பா கதையா என்று எனக்கே தெரியவில்லை.

2

மூன்று ஆரம்பங்கள் எழுதினேன்.

முதல் ஆரம்பம்: "அரசலாற்றுப் பாலத்தில் மாலைக் காற்று வீசியது. சலோமியின் நிலவு போன்ற முகத்தில்—" அடித்துவிட்டேன். இந்தக் கதையில் ஒரு முகத்தை நிலவு என்று சொன்னால் அது கொடுமை. ஏன் என்று பிறகு புரியும்.

இரண்டாவது: "அடைக்கலராஜ் கண்ணாடி போட்டிருந்தான்." உண்மைதான். ஆனால் அவன் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம்பிக்கை வராத ஆளை முதல் வரியில் நிறுத்தினால் கடைசிவரை அவனுக்காக நான் பொறுப்பேற்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது: "என் கணவர் தெட்சிணாமூர்த்தி, கருப்பு விபூதி என்று ஒன்று இருப்பதாக மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னார். நான் சிரித்தேன்." இதுதான் சரியான ஆரம்பம். ஆனால் இதில் நான் சிரிக்கிறேன். அதனால் தள்ளிப்போடுகிறேன்.

3

குறிப்பு ஒன்று. கடைத்தெருவில் சேக் பரீது பாய் கடையில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பவுடர் இன்னும் கிடைக்கிறது. வட்ட அட்டை டப்பா. ரோஜா நிறம், தந்த நிறம் என்று இரண்டுதான். இரண்டையும் நம் முகத்தில் போட்டால் மாவு மில்லிலிருந்து வந்தவர் மாதிரி இருக்கும். "நம்ம நெறத்துல இல்லியா பாய்?" என்று பக்கத்து வீட்டுச் சலோமி ஒருமுறை கேட்டிருக்கிறாள். "நம்ம நெறத்துக்கு நாம எதுக்கும்மா காசு குடுக்கணும்?" என்றாராம் பாய்.

குறிப்பு இரண்டு. ஆகவே நம் நிறத்தை நாமே செய்ய வேண்டும். தந்த நிறப் பவுடர் நாலு பங்கு. சந்தனத்தூள் இரண்டு பங்கு. காவிக்கல்லை இழைத்துக் காயவைத்த பொடி ஒன்றரைப் பங்கு. தேங்காய்ச் சிரட்டையைச் சுட்ட கரி, கத்தி நுனியில் நிற்கும் அளவு. எல்லாவற்றையும் நுணுக அரைத்து மல் துணியில் மூன்று தரம் சலிக்கவும். முழங்கையின் உட்பக்கத்தில் பூசிப் பார்க்காதீர்கள், அது வேறு நிறம். கழுத்தோரம் பூசிப் பாருங்கள். கோடைக்கு ஒரு டப்பா, மழைக்காலத்துக்கு ஒரு டப்பா வேண்டும். ஏனென்றால் வெயிலில் முகம் கறுக்கும். அந்த இடம் மட்டும் கறுக்காது.

(அந்த இடம் என்றால் எந்த இடம் என்று ஆசிரியர் கேட்பார். சொல்கிறேன்.)

குறிப்பு மூன்று. ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, உடனே துடைத்துவிடவும். பொடியைத் தேய்க்காமல் பஞ்சால் ஒற்றவும். அந்த இடத்தில் மூன்று தரம், மற்ற இடமெல்லாம் ஒரே தரம். அந்த இடத்தில் மட்டும் போட்டால் கண் அங்கேதான் போகும்.

குறிப்பு நாலு. இதைச் சொன்னபோது சலோமி முதல்முறையாகச் சிரித்தாள். "மூக்குல இருக்கிறதத் தொடச்சிடணும் அக்கா. காரைக்கால்ல காலையில பத்து மணிக்கு மூக்கு மினுக்கலன்னா அது மூஞ்சியா? பவுடர் போட்டவன்னு அப்பவே தெரிஞ்சிடும். ஒரு பருவையும் மறைக்காம விட்ருவேன். ஒண்ணு தெரிஞ்சாத்தான் இன்னொண்ண யாரும் தேட மாட்டாங்க."

4

அந்த இடம் நெற்றியில் இருக்கிறது. பொட்டு வைக்கும் இடத்துக்கு ஒரு விரற்கடை இடப்பக்கம். புளியங்கொட்டை அளவு, வெள்ளையாக. பதினெட்டு வயதில் வந்தது. தொற்றுகிற நோய் இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வலி இல்லை, அரிப்பு இல்லை. ஆனால் ஊரில் அதற்கு இருக்கிற பெயர் வெண்குஷ்டம். சலோமி அரசாங்கப் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். நாற்பது சிறுமிகளின் விரலைப் பிடித்து ஊசி பழக்குகிறவள். அந்தப் பெயர் ஒருமுறை அவள்மேல் விழுந்தால், மறுநாள் நாற்பது தாய்மார்கள் பள்ளி வாசலில் நிற்பார்கள். அவளும் அவள் அம்மாவும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள்.

(ஆளை அடையாளம் தெரியாமல் இருக்கட்டும் என்று அதைக் கன்னத்துக்கு மாற்றி எழுதிப் பார்த்தேன். கதை அங்கேயே நின்றுபோயிற்று. கன்னத்தில் யாரும் சாம்பல் பூசுவதில்லை. எனவே நெற்றிக்கே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். பதிலாகப் பெயரை மாற்றியிருக்கிறேன். "பேர மாத்துங்க அக்கா, பக்குவத்த மாத்தாதீங்க. யாருக்காச்சும் ஒதவும்" என்பது அவள் உத்தரவு.)

"பெரிய குங்குமப் பொட்டா வெச்சு மறைச்சிடலாமேடி?" என்று அவளிடம் கேட்டேன். கும்பகோணத்துக்காரிக்கு இதைத் தவிர வேறு யோசனை வருமா?

"நல்லாருக்கே! பொட்டு வெச்சிக்கிட்டுப் பூசைக்குப் போனா அப்புறம் அந்தப் பொட்டப் பத்தித்தான் ஊர் பேசும்."

கத்தோலிக்கர்கள் மாதா கோயில் வாசலில் தீர்த்தத்தில் விரலை நனைத்து நெற்றியில் சிலுவை போட வேண்டும். தண்ணீர் பட்டால் பொடி கரையும். அதனால் சலோமி விரலை நெற்றிக்கு முன்னால் கொண்டுபோய்க் காற்றிலேயே போட்டு இறக்கிவிடுவாள். ஆறு வருஷத்தில் ஒருத்திதான் அதைக் கவனித்தாள். அற்புதம் என்று பெயர். என் கணவரின் அலுவலகக் குமாஸ்தா அடைக்கலராஜின் அக்கா. "என்னடி சலோமி, ஆண்டவருக்கு நெத்திய வாடகைக்குக்கூட விட மாட்டியா?" என்றாளாம்.

அற்புதம் வீட்டில் போய் அதைச் சொன்னாளா? தம்பி காதில் விழுந்ததா? தெரியாது. இந்தக் கதையில் எனக்குத் தெரியாதவற்றைக் கணக்கெடுத்தால் தெரிந்தவற்றைவிட அதிகம் வரும்.

5

இப்போது அந்த மூன்றாவது ஆரம்பம்.

போன நவம்பரில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊர் கை மாறியது. புதிய நிர்வாகத்தில் அதிகாரியாக என் கணவரைத் தஞ்சாவூரிலிருந்து இங்கே மாற்றினார்கள். பிப்ரவரியில் ஆசிரியர்கள் எல்லாருக்கும் புதிதாகச் சர்வீஸ் ரெஜிஸ்டர் திறக்க உத்தரவு வந்தது. பெயர், பிறந்த தேதி, உயரம், இடது கைப் பெருவிரல் ரேகை, அப்புறம் அங்க அடையாளங்கள் இரண்டு. அதிகாரி எதிரில் பார்த்து எழுத வேண்டும்.

இவர் ஒரு புதன்கிழமையைக் குறித்தார். காலண்டரில் அன்றைக்கு ராகுகாலம் மட்டும் பார்த்தார். அது கத்தோலிக்கர்களின் விபூதிப் புதன் என்பது இவருக்கு எப்படித் தெரியும்? அன்று விடியற்காலைப் பூசையில் பங்குச் சாமியார் ஒவ்வொருவர் நெற்றியிலும் கட்டைவிரலால் சாம்பல் பூசுவார். வருஷத்தில் அந்த ஒருநாள் மட்டும் சலோமி பொடி போடுவதில்லை. போட்டால் சாமியார் விரலோடு வந்துவிடும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இருட்டோடு போவாள். வயதான சாமியாருக்குக் கண் மங்கல், கட்டைவிரலோ பெரிது. புளியங்கொட்டை மறைந்துவிடும். எல்லார் நெற்றியும் கறையாக இருக்கும் அந்த நாள்தான் அவளுக்கு விடுமுறை.

அந்த நாளில்தான் பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வரச் சொல்லிச் சீட்டு வந்தது. வீட்டுக்குப் போய்ப் பொடி போட்டுக்கொள்ளவும் வழியில்லை; சாம்பலை அழித்துவிட்டு வந்தால் இவளுக்கு மட்டும் எங்கே என்று கேட்பார்கள்.

அதற்கு மேல் நடந்ததை என் கணவர் சொன்னபடியே எழுதுகிறேன். இடது கையால் குழம்புக் கிண்ணத்தை நகர்த்தியபடி சொன்னார்.

முதல் வாத்தியார் வந்தார். "நெத்தியில மச்சம். எழுதிக்கய்யா" என்றாராம் இவர். அடைக்கலராஜ் எழுதவில்லை. இரண்டாவது ஆள். அதே இடம், அதே கருப்பு. மூன்றாவதாக ஓர் அம்மாள். அவருக்கும்.

"என்னய்யா இது, இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரே எடத்துலயா மச்சம்?"

நிமிர்ந்து பார்த்தால் குமாஸ்தா நெற்றியிலும் இருக்கிறது.

"மச்சம் இல்லீங்க முசியே... சார். விபூதிங்க." (முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. பழைய துரைகளைக் கூப்பிட்ட பழக்கம்.)

"விபூதியா? என் நெத்தியப் பாருய்யா. இதான் விபூதி. வெள்ளையா இருக்கும்."

"எங்க விபூதி கருப்புங்க சார்."

"கரியாட்டம்ல இருக்கு!"

"போன வருசத்துக் குருத்தோலைய எரிச்ச சாம்பலுங்க. இன்னிக்கி மட்டுந்தான்."

"எதுவா இருந்தா என்ன? மொகத்தப் பாத்துத்தான் அடையாளம் எழுதணும், அதான் ரூல். எல்லாரையும் குழாயடியில கழுவிட்டு வரச் சொல்லு."

வரிசையில் நாலாவது ஆள் சலோமி.

அடைக்கலராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தானாம். தடிமனான கண்ணாடி, அது இல்லாமல் மேசை எங்கே முடிகிறது என்றே அவனுக்குத் தெரியாது. துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னானாம்: "கழுவக் கூடாதுங்க சார். பொழுது சாயிற வரைக்கும் அழிச்சா பாவங்க."

"அப்பிடியா?"

"ஆமாங்க சார். பெரிய பாவங்க."

இவர் பயந்துவிட்டார். வந்து மூன்று மாதம். புது அதிகாரி எங்கள் மதத்தில் கை வைத்தார் என்று எவனாவது மனு எழுதினால்? "சரிய்யா, மொகத்த விடு. வேற எடத்துல பாத்து எழுதிக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். "கருப்பு விபூதி! எங்கப்பாகிட்ட சொன்னா நம்பவே மாட்டாரு" என்றார். நான் புரையேறும்வரை சிரித்தேன்.

சாயங்காலம் கிணற்றடியில் சலோமியைப் பார்த்து அதே கதையைச் சொல்லி மறுபடியும் சிரித்தேன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அப்போதுதான் எல்லாம் எனக்குத் தெரியவந்தது.

"அக்கா, அப்பிடி ஒரு சட்டமே எங்ககிட்ட கெடையாது. வீட்டுக்கு வந்ததும் நாங்களே கழுவிடுவோம். அடுப்படியில வேர்த்தாலே போயிடும். அவரோட அக்கா கோயில் வாசல்லயே முந்தானையால தொடச்சிடும்."

"அப்ப அவன் ஏன் அப்பிடிச் சொன்னான்?"

"அதானே எனக்கும் தெரியல."

6

(இந்தப் பகுதியில் அடைக்கலராஜின் மனசுக்குள் புகுந்து ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். அவன் மனசு எனக்குத் தெரியாது. என் மற்றக் கதைகளில் வரும் ஆண்களின் மனசு எப்படி அவ்வளவு சுலபமாகத் தெரிந்தது என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.)

7

தெரிந்ததை மட்டும் வைத்து யோசிக்கிறேன். நீங்களும் யோசியுங்கள்.

ஒன்று, அவன் பார்த்துவிட்டான். சாம்பலின் ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்த்திருக்கலாம். அவளைக் காப்பாற்றப் பாவம் என்று பொய் சொன்னான். இதுதான் எனக்குப் பிடித்தது. பிடித்திருப்பதாலேயே நம்பக் கூடாது என்று தோன்றுகிறது.

அல்லது, அவன் ஒன்றையும் பார்க்கவில்லை. ஆறு பேர் குழாயடிக்குப் போய் வந்தால் சாப்பாட்டு நேரம் போய்விடும் என்று சொன்னான். அவனை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். கோப்பு கொடுக்க வந்தவன், எங்கள் வீட்டு நாற்காலியில் இருந்த பூனையைத் துணி என்று நினைத்து அதன்மேல் உட்காரப் போனான். அந்தக் கண்ணா புளியங்கொட்டையைப் பார்த்திருக்கும்?

அல்லது, அவனுக்கே அப்படி ஒரு பக்தி இருக்கலாம்.

சலோமியின் கையெழுத்தை முதலில் வாங்கிக்கொண்டு, அடையாளங்களைப் பிறகு நிரப்புவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்ன எழுதியிருக்கிறான்? அது அவள் வேலை உள்ளவரை ரெஜிஸ்டரில் இருக்கும். விபூதிப் புதனிலிருந்து தொடங்கும் தபசு காலம் நாற்பது நாளும் அவள் பள்ளிக்குப் போகும்போதெல்லாம் இன்றைக்குக் கூப்பிட்டு அனுப்புவார்கள், இன்றைக்குக் கூப்பிட்டு அனுப்புவார்கள் என்று பயந்துகொண்டே போனாள். யாரும் கூப்பிடவில்லை.

பாஸ்கா என்கிற ஈஸ்டர் முடிந்த மறுவாரம் அற்புதம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். கூப்பிட அல்ல, பெண் கேட்க. தன் தம்பிக்கு.

8

பத்திரிகை ஆசிரியராக இருந்தால் இங்கே கொட்டுமேளம் கொட்டச் சொல்வார். எனக்கும் ஆசைதான். ஆனால் சலோமி எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரியும்னா நான் ஒண்ணும் சொல்ல வேணாம். தெரியாதுன்னா சொல்லியே ஆவணும். தெரியுமான்னு கேட்டாலே தெரிஞ்சிடும். நான் என்னக்கா செய்யிறது?"

"கல்யாணத்துக்கு அப்புறமும் நீ விடியறதுக்கு முன்னால எந்திரிச்சுப் பொடி போட்டுக்கிட்டா..." என்று இழுத்தேன்.

"எத்தன வருசம்? தூங்கும்போது தலகாணியில ஒட்டுமே."

அந்த ரெஜிஸ்டரில் அவன் எழுதியதைப் பார்த்தால் அவனுக்குத் தெரியுமா என்று புரிந்துவிடும் என்று பட்டது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு இவருக்குப் பிடித்த பருப்புருண்டைக் குழம்பு வைத்தேன்.

"என்னங்க, அந்தத் தையல் டீச்சர் ரெஜிஸ்டர்ல அடையாளம்னு என்ன எழுதியிருக்கு?"

"ஆபீஸ் விசயம் ஒனக்கெதுக்கு?"

"இன்னொரு உருண்ட போடட்டா?"

மறுநாள் வந்து சொன்னார். ஒன்று, இடது ஆட்காட்டி விரல் நுனியில் ஊசிக் காயத் தழும்பு. இரண்டு, வலது காதின் பின்புறம் ஒரு மச்சம்.

"ரெண்டாவத அப்பிடியே நம்பிடாத. அந்த ஆளு எல்லாருக்கும் ஒரு மச்சம் எழுதுவான். விட்டா எனக்கே எழுதுவான்."

9

நேற்று, சனிக்கிழமை மத்தியானம், சலோமியிடம் சொன்னேன். விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். தழும்பு இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"காதுக்குப் பின்னால எனக்கு மச்சம் இருக்கா?"

ஆறு வருஷம் தினமும் கண்ணாடியில் தன் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தவள், அந்த ஓர் இடத்தைப் பார்த்ததே இல்லை.

"எனக்கெப்பிடிடி தெரியும்?"

"பாத்துச் சொல்லுங்க அக்கா."

ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முடியை ஒதுக்கிக் காதை மடக்கிக் காட்டினாள். நான் குனிந்து பார்த்தேன்.

மச்சம் இருந்தால், அந்தக் கண்ணாடிக்காரன் அவள் குனிந்து ரேகை வைத்த நேரத்தில் அவளை அவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறான். காதுக்குப் பின்னால் பார்த்தவன் நெற்றியைப் பார்க்காமலா இருந்திருப்பான்? ஆனால் குமாஸ்தா தன் வேலையை ஒழுங்காகச் செய்தான் என்றும் சொல்லலாம். மச்சம் இல்லாவிட்டால், இல்லாத ஒன்றை எழுதியிருக்கிறான். இருக்கிற ஒன்றை மறைக்கத்தானே? ஆனால் எல்லாருக்கும் எழுதுகிற மச்சத்தில் இவளுக்கும் ஒன்று என்றும் சொல்லலாம்.

நான் கண்டதை அவளிடம் சொன்னேன். பொய் சொல்லவில்லை.

(உங்களிடம் சொல்லப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். இருந்தது என்று எழுதிப் பார்த்தேன், இல்லை என்றும் எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் அடைக்கலராஜ் என் பழைய கதாநாயகர்களில் ஒருவனாகிவிடுகிறான்.)

அவள் கொஞ்ச நேரம் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். "நாளைக்கி அவரும் அவங்க அக்காவும் வராங்க" என்றாள். மடியிலிருந்து டப்பாவை எடுத்து என் மேசையில் வைத்தாள். கோடைக் கலவை.

"இது இங்கயே இருக்கட்டும். வீட்டுல இருந்தா கை போயிடும். திங்கக்கெழம காலையில ஸ்கூலுக்கு முன்னாடி வந்து வாங்கிக்கிறேன்."

"திங்கக்கிழமைக்கு வேணுமா?"

"பின்ன? நாப்பது அம்மாக்காரிங்களையுமா நான் கட்டிக்கப் போறேன்?"

10

பத்துக் குறிப்பு கேட்டிருந்தார். குறிப்பு நாலோடு நின்றாலும், எண்ணிக்கைக்குப் பத்தாவது இது.

இன்று ஞாயிறு மாலை நாலு மணி. டப்பா என் எதிரில் இருக்கிறது. அவள் வீட்டில் வேறு டப்பா இல்லையா என்று கேட்க நேற்று எனக்குத் தோன்றவில்லை. மழைக்காலக் கலவை ஒன்று இருக்குமே. இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் அற்புதத்தின் சிரிப்புக் கேட்கிறது. நாற்காலி இழுக்கும் சத்தம். ஆண் குரல் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய் எட்டிப் பார்த்தால் ஆசிரியருக்கு ஒரு முடிவு கிடைத்துவிடும்.

எழுந்தேன். கொல்லைச் சுவரோரம் துவைக்கிற கல்லின்மேல் ஏறி நின்றேன்.

சலோமியின் முதுகு தெரிந்தது. முக்காடு இல்லை. முடியை அழுத்தி வாரிப் பின்னியிருந்தாள், நெற்றியில் ஒரு மயிரிழைகூட விழாதபடி. அவளுக்கு எதிரில், இரண்டு முழத் தூரத்தில் அவன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். மெதுவாக, ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். அவள் அசையாமல் காத்திருந்தாள்.

அவன் கண்ணாடியை முகத்துக்குத் தூக்கியபோது நான் கல்லிலிருந்து இறங்கிவிட்டேன். கல் காலியாக இருக்கிறது. நீங்கள் ஏறிக்கொள்ளலாம்.